சுமந்தவர்கள் போட்ட பாதை

(ஒரு வாசகர் வட்டத்தின் மாதக் கூட்டத்தில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



அழைப்பிதழில் என் தலைப்பை ‘இமயமலைப் பயண அனுபவங்கள்’ என்று அச்சிட்டிருக்கிறார்கள். அனுபவம் என்று ஆரம்பித்தால் எங்கே வழுக்கினேன், எங்கே நடுங்கினேன் என்று பேச்சு என்னைச் சுற்றியே வரும். அதில் உங்களுக்கு ஒரு லாபமும் இல்லை. அதனால் ஒரே ஒரு பாதையை எடுத்துக்கொள்கிறேன். நேபாளத்தில் அன்னபூர்ணா மலைகளைச் சுற்றிக்கொண்டு போகிற பாதை. அன்னபூர்ணா சர்க்யூட் என்று உலகம் முழுக்கத் தெரிந்த பெயர். சிகரம் ஏறும் சமாச்சாரம் எதுவும் இன்றைக்குக் கிடையாது. கயிறு வேண்டாம், பனிக்கோடரி வேண்டாம், ஆக்ஸிஜன் உருளை வேண்டாம். முதுகில் ஒரு பை, காலுக்குப் பழகிய காலணி, கையில் மூன்று வார விடுப்பு. இந்த மூன்றில் கிடைக்காதது எது என்று இங்கே வேலைக்குப் போகிறவர்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை.

இமயமலை என்றதும் மனிதர் இல்லாத வெளி, தவம், மௌனம் என்று நம் மனத்தில் ஒரு படம் இருக்கிறது. காலண்டரில் பார்த்த படம். அந்தப் படத்தோடு அன்னபூர்ணாவுக்குப் போகிறவருக்கு முதல் நாளே ஏமாற்றம் காத்திருக்கும். கோவேறு கழுதைகள் மணி குலுங்க எதிரே வரும். சீருடை போட்ட பிள்ளைகள் அவரைத் தாண்டிப் பள்ளிக்கு ஓடுவார்கள். ஒருவர் தகர ஓடுகளைக் கட்டி முதுகில் ஏற்றிக்கொண்டு போவார். அவருக்குப் பின்னால் இன்னொருவர் கூடை நிறைய உயிருள்ள கோழிகளோடு போவார். அந்தப் பாதை ஒரு கடைத்தெருவின் நீட்சி. நாம் அதில் வேலையில்லாமல் நடக்கிறவர்கள். இந்த ஒரு விஷயத்தைப் புரிந்துகொண்டு போகிறவர் நன்றாக நடக்கிறார் என்பது என் கட்சி. எதை எடுத்துப் போவது, எவ்வளவு வேகமாக நடப்பது, யாருக்கு ஒதுங்குவது, எங்கே படுப்பது என்ற கேள்விகளுக்கெல்லாம் பதில் அதிலிருந்துதான் வருகிறது.

பாதையின் அமைப்பை முதலில் சொல்லிவிடுகிறேன். லம்ஜுங் மாவட்டத்துப் பெசிசஹர் சுமார் 760 மீட்டர் உயரம். வெயில் சுடும், வாழை நிற்கும், படிப்படியாக நெல்வயல் இருக்கும். அங்கிருந்து மர்ஸ்யாங்டி ஆற்றை எதிர்த்து மேலே போகிறோம். நெல் முடிந்து மக்காச்சோளம் வரும், அது முடிந்து பார்லியும் பாப்பரையும் வரும், ஊசியிலைக் காடு வரும். மனாங் என்ற ஊர் 3,500 மீட்டரில். அங்கே மரம் அருகிப் போய்விடும். அதற்கும் மேலே புல், அப்புறம் கல், அப்புறம் 5,416 மீட்டரில் தோரோங் லா கணவாய். மறுபக்கம் ஒரே மூச்சில் 1,600 மீட்டருக்கு மேல் இறங்கினால் முக்திநாத். பிறகு காளி கண்டகி ஆற்றோடு ஜோம்சோம், மார்ப்பா, துக்குச்சே, தாதோபானி என்று இறங்கி மறுபடி வாழைத்தோப்புக்கே வந்து சேரலாம். மலைகளின் வடபக்கத்தில் பருவமழை எட்டாத நிலம் இருக்கிறது. தெற்கே கொட்டித் தீர்க்கிற மழை, அந்தச் சுவரைத் தாண்டியதும் இல்லை. ஒரே பயணத்தில் வயநாட்டையும் லடாக்கையும் பார்த்த மாதிரி என்று வைத்துக்கொள்ளுங்கள்.

இந்தப் பாதையை வெட்டியவர்கள் யாரும் சுற்றுலாவுக்காக வெட்டவில்லை. குறிப்பாக மேற்குப் பாதி, காளி கண்டகிப் பள்ளத்தாக்கு, நூற்றாண்டுகளாக உப்பு போன வழி. திபெத்திலிருந்து உப்பும் கம்பளியும் இறங்கின. தெற்கிலிருந்து அரிசியும் மற்றத் தானியங்களும் ஏறின. நடுவில் துக்குச்சேயில் உட்கார்ந்து அந்த வணிகத்தைக் கையில் வைத்திருந்தவர்கள் தகாளி இனத்தார். கிழக்குப் பக்கத்து மனாங்காரர்கள் வேறொரு ரகம். நேபாள அரசர்கள் அவர்களுக்கு வணிகச் சலுகைகள் தந்திருந்தார்கள். அதை வைத்துக்கொண்டு அவர்கள் பர்மா, மலேயா, சிங்கப்பூர் என்று கடல் கடந்து வியாபாரம் செய்தார்கள். அங்கே யாக் மேய்க்கிற ஒரு கிழவரைப் பார்த்து ‘பாவம், உலகமே தெரியாதவர்’ என்று நினைத்துவிடாதீர்கள். சிங்கப்பூர் தெருக்கள் நம்மைவிட அவருக்கு நன்றாகத் தெரிந்திருக்கக்கூடும்.

வணிகம் போகிற வழியில் சத்திரம் இருக்கும். தகாளிப் பெண்கள் நடத்திய பட்டி என்கிற சிறு விடுதிகள் அப்படி வந்தவை. கழுதைக்காரர்களுக்குச் சோறும் படுக்க இடமும் தந்த வீடுகள். திபெத்தில் சீன ஆட்சி வந்து எல்லை இறுகியது, தெற்கிலிருந்து கடல் உப்பு மலிவாக வந்தது, உப்பு வணிகம் படுத்துவிட்டது. ஆனால் சத்திரம் நடத்தும் கை மறக்கவில்லை. வெள்ளைக்காரப் பயணிகள் வரத் தொடங்கியபோது அதே அடுப்பு, அதே பெஞ்சு, ஆள் மட்டும் மாறினார்கள். கூடாரமும் சமையல்காரரும் இல்லாமல் ஊர் ஊராகத் தங்கி நடக்கிற வழக்கம் இந்தப் பள்ளத்தாக்கில் வேரூன்றியதற்கு இதுவே காரணம்.

பாதையோரத்தில் இன்னொன்று இருக்கிறது. சௌதாரா என்பார்கள். ஆலும் அரசும் சேர்த்து நட்டு, சுற்றிக் கல்மேடை கட்டியிருப்பார்கள். மேடையில் ஒரு படி, நிற்கிற ஆளின் முதுகுக் கூடை வந்து உட்காரும் உயரத்தில் இருக்கும். குனிய வேண்டாம், இறக்க வேண்டாம். பின்னால் சாய்ந்து பாரத்தை மேடைக்குக் கொடுத்துவிட்டு மூச்சு வாங்கிக்கொள்ளலாம். நம் ஊர்ப் பழைய சாலைகளில் சுமைதாங்கிக் கல்லைப் பார்த்தவர்களுக்கு இதற்கு மேல் விளக்கம் தேவையில்லை. இங்கே பிள்ளைத்தாய்ச்சியாக இறந்தவளின் நினைவாகக் கல் நட்டார்கள். அங்கே இறந்த பெற்றோர் நினைவாக மேடை கட்டுகிறார்கள். பயணிகள் பலர் அந்தப் படியில் வரிசையாக உட்கார்ந்து பிஸ்கெட் தின்றுகொண்டிருக்க, சுமையோடு வந்தவர் நின்று பார்த்துவிட்டு அடுத்த மேடைக்கு நடப்பதை நான் கண்டிருக்கிறேன். யாரும் கெட்டவர்கள் இல்லை. அது எதற்கான படி என்று அவர்களுக்கு யாரும் சொல்லவில்லை, அவ்வளவுதான்.

வெளியார் இந்தப் பக்கம் வந்த கதை நீளமானது, சுருக்கிக்கொள்கிறேன். ராணா வம்சத்தின் ஆட்சி முடியும்வரை நேபாளம் ஏறக்குறைய மூடிய நாடு. ஜப்பானியத் துறவி எகாய் கவாகுச்சி போன்ற சிலர்தான் உள்ளே புகுந்தார்கள். அவர் திபெத்துக்குள் நுழைவதற்கு முன்பு மார்ப்பாவில் தங்கியிருந்த வீடு இன்றும் இருக்கிறது. 1950-இல் கதவு சற்றே திறந்தது. அந்த ஆண்டு மொரீஸ் எர்ஸோக் தலைமையில் ஒரு பிரெஞ்சுக் குழு வந்தது. கையிலிருந்த வரைபடம் தவறு. 8,091 மீட்டர் உயரமுள்ள அன்னபூர்ணாவை வாரக்கணக்கில் தேடினார்கள். மலை எங்கே என்று பார்க்கப் போன எர்ஸோக் மனாங்கில் சாப்பாடு வாங்கக் கிடைக்காமல் பட்டினியோடு திரும்பினார். கடைசியில் ஜூன் 3-ஆம் தேதி எர்ஸோக்கும் லூயி லாஷனலும் உச்சியில் நின்றார்கள். 8,000 மீட்டருக்கு மேற்பட்ட சிகரம் ஒன்றில் மனிதர் ஏறியது அதுவே முதல் தடவை. உலகம் கொண்டாடியது அதைத்தான். இறங்கியது எப்படி என்று கேட்டால் கதை மாறும். விரல்கள் உறைபனியில் கருகிப்போன இருவரையும், பெய்கிற பருவமழையில், வாரக்கணக்கில் முதுகிலும் தூளியிலும் சுமந்து இறக்கியவர்கள் ஷெர்ப்பாக்களும் மலைக்கூலிகளும். அவர்களில் எத்தனை பேரின் பெயர் நமக்குத் தெரியும்?

அதே 1950-இல் டில்மன் என்ற ஆங்கிலேயர் மனாங் பக்கம் வந்தார். கூட வந்தவர்களில் ஜிம்மி ராபர்ட்ஸ் என்ற கூர்க்காப் படை அதிகாரி ஒருவர். இந்த ராபர்ட்ஸ் ஓய்வு பெற்றபின் 1964-இல் காத்மாண்டுவில் மௌண்டன் டிராவல் என்ற நிறுவனத்தைத் தொடங்கினார். சிகரம் ஏறத் தேவையில்லை, நடந்து பார்க்க விரும்புகிறவர் பணம் கொடுத்தால் சுமையாள், சமையல், கூடாரம் எல்லாம் ஏற்பாடு செய்யப்படும் என்பது அவருடைய யோசனை. அடுத்த ஆண்டு அவர் முதன்முதலாகக் கூட்டிப் போனது மூன்று அமெரிக்கப் பெண்களை. ‘பொண்ணுங்களால முடியுமா’ என்று கேட்கிற வீடுகளில் இதைச் சொல்லிப் பாருங்கள். அன்னபூர்ணாச் சுற்று மட்டும் இன்னும் கொஞ்ச காலம் மூடியே கிடந்தது. பக்கத்து முஸ்தாங்கில் திபெத்தியக் கம்பா கெரில்லாக்கள் அமெரிக்க உதவியோடு முகாமிட்டிருந்தார்கள். 1974-இல் அவர்கள் கலைக்கப்பட்டார்கள். 1977-இல்தான் சுற்று முழுவதும் வெளிநாட்டவருக்குத் திறந்தது.

இப்போது சுமைக்கு வருகிறேன். இதில் கொஞ்சம் நின்று பேச வேண்டும்.

நேபாள மலைச் சுமையாளிடம் மூன்று பொருள்கள் இருக்கும். டோக்கோ என்ற மூங்கில் கூடை. நாம்லோ என்ற பட்டை; கூடையின் அடியைச் சுற்றிவந்து நெற்றிக்கு மேலே, உச்சந்தலையை ஒட்டிப் படியும். டோக்மா என்ற குட்டையான, கைப்பிடி வைத்த கோல். நடக்கும்போது ஊன்றவும் நிற்கும்போது கூடைக்கு முட்டுக் கொடுக்கவும் உதவும். தோளில் எதுவும் இல்லை. பாரம் முழுவதும் தலைவழியே முதுகெலும்பில் இறங்குகிறது. 2005-இல் ‘சயன்ஸ்’ இதழில் வந்த ஓர் ஆய்வு இவர்களை அளந்து பார்த்தது. தம் உடல் எடைக்குச் சமமாகவும் சிலர் இரு மடங்கு வரையும் சுமந்து, செங்குத்தான வழிகளில் நாள்கணக்கில் நடக்கிறார்கள். அதற்குமுன் உலகில் மிகச் சிக்கனமாகச் சுமப்பவர்கள் என்று ஆய்வுகள் காட்டியது தலைச்சுமை தூக்கும் ஆப்பிரிக்கப் பெண்களை. நேபாளப் பெண்கள் அவர்களைவிடக் கூடுதல் பாரத்தை, அவர்களைவிட 25 சதவீதம் குறைந்த உடல் செலவில் சுமக்கிறார்கள் என்று கண்டார்கள்.

இந்தச் செய்தியைக் கேட்டதும் ‘அடேயப்பா’ என்கிறோம். அங்கேயே நிறுத்திக்கொண்டால் ஆபத்து. ‘அவர்களுக்குப் பழக்கம்’ என்ற வாக்கியம் அடுத்து வரும். அந்த வாக்கியத்தால் ஆட்கள் செத்திருக்கிறார்கள். சுமை தூக்க வருகிறவர்கள் பெரும்பாலும் உயரத்தில் பிறந்தவர்கள் இல்லை. ராய், தாமாங், மகர் என்று நடுமலைப் பகுதிகளின் விவசாயிகள். வயலில் வேலையில்லாத மாதங்களில் கூலிக்கு வருகிறார்கள். 4,500 மீட்டரில் அவர்கள் நுரையீரலும் நம் நுரையீரலும் ஒன்றுதான். ஆனால் நம்மிடம் இறகுச்சட்டை இருக்கிறது. அவர் காலில் ரப்பர்ச் செருப்பு இருக்கலாம். நமக்குத் தலை வலித்தால் வழிகாட்டி விசாரிப்பார். அவருக்கு வலித்தால் அன்றைய கூலி போய்விடும் என்று வாய் திறக்க மாட்டார். 1997-இல் ஒரு சுமையாள் மலைநோயால் இறந்துபோனதை அடுத்துப் பன்னாட்டுச் சுமையாளர் பாதுகாப்புக் குழு ஒன்று உருவானது. அது கேட்டவை பெரிய விஷயங்கள் அல்ல. உயரத்துக்கேற்ற உடை, கூரையுள்ள இடத்தில் படுக்கை, காப்பீடு, நோய் வந்தால் தனியாகக் கீழே அனுப்பாமல் துணையோடு அனுப்புவது. நேபாளத்தில் ஒருவருக்கு 30 கிலோவுக்கு மேல் ஏற்றக்கூடாது என்று பேசப்படுகிற வரம்பு உண்டு. இரண்டு வாடிக்கையாளர் பையைச் சேர்த்துக் கட்டினால் அந்த வரம்பு எங்கே போகும் என்று நீங்களே கூட்டிப் பாருங்கள்.

அதனால் பையைக் கட்டும்போது கணக்கு எளிது. தண்ணீரும் சேர்த்து 10 கிலோவைத் தாண்டினால் ஏதோ ஒன்றை வெளியே எடுங்கள். உள்ளாடை, காலுறை தவிர எதிலும் மூன்றாவது வேண்டாம். புளியோதரைப் பொடி, தொக்கு, முறுக்கு என்று வீட்டில் கட்டிக் கொடுப்பார்கள். ஒரு சிறு பாட்டில் ஊறுகாயோடு நிறுத்திக்கொள்ளச் சொல்லுங்கள். போகிற இடமெங்கும் பருப்பும் சோறும் இருக்கிறது. தால்பாத் என்பார்கள், சோறு, பருப்பு, கீரை, உருளைக்கிழங்கு, ஊறுகாய், கேட்கக் கேட்க மறுபடி வைப்பார்கள். அந்த விலைக்கு அந்த உயரத்தில் அதைவிட நல்ல சாப்பாடு கிடையாது. மேலே போகப் போக விலை ஏறும். பேரம் பேசாதீர்கள். அந்த அரிசியை யாரோ முதுகில் கொண்டுவந்திருக்கிறார்கள். அறை வாடகை மிகக் குறைவாக இருக்கும். சாப்பாடும் அங்கேயே என்ற எழுதாத ஒப்பந்தம் அதில் அடக்கம். ஓர் இடத்தில் படுத்து இன்னோர் இடத்தில் சாப்பிடுவது மரியாதைக் கேடு.

அடுத்து உயரம். கணவாய் உச்சியில் காற்றின் அழுத்தம் கடற்கரையில் இருப்பதில் ஏறக்குறைய பாதி. மூச்சுக்கு மூச்சு பாதி ஆக்ஸிஜன்தான் உள்ளே போகிறது. உடல் இதற்குப் பழகிக்கொள்ளும், நாள் கொடுத்தால். 3,000 மீட்டருக்கு மேலே, இன்று படுக்கும் இடம் நேற்றுப் படுத்த இடத்தைவிட 500 மீட்டருக்கு மேல் உயரக்கூடாது. மூன்று நான்கு நாளுக்கு ஒருமுறை ஒரே ஊரில் இரண்டு இரவு. மருத்துவர்கள் சொல்வது இவ்வளவுதான். அசெட்டசோலமைடு மாத்திரை பழகுவதை விரைவுபடுத்தும். டாக்டரைக் கேட்டுச் சாப்பிடலாம். மலைநோய் உடற்பயிற்சி செய்தவர், செய்யாதவர் என்று பார்ப்பதில்லை. மாரத்தான் ஓடுகிற இளைஞர் விழுவார். கூட வந்த அவர் அப்பா மெதுவாக நடந்து வந்து சேர்வார். இளைஞருக்கு வேகம் உண்டு, அதுவே அவருக்கு வினை. தலைவலியோடு வாந்தி வந்தால் ஏறுவதை நிறுத்த வேண்டும். நேர்க்கோட்டில் குதிகாலும் கட்டைவிரலும் தொட நடக்கச் சொல்லிப் பாருங்கள். தள்ளாடினால் மூளையில் நீர் கோத்திருக்கிறது. சும்மா உட்கார்ந்திருக்கும்போதே மூச்சு இரைத்தால் நுரையீரலில் கோத்திருக்கிறது. இரண்டுக்கும் முதல் மருந்து கீழே இறங்குவது. நள்ளிரவானாலும் இறங்க வேண்டும், விடியட்டும் என்று காத்திருக்கக்கூடாது. மனாங்கில் இமாலய மீட்புச் சங்கத்தின் மருத்துவ நிலையம் இருக்கிறது. பருவ மாதங்களில் பிற்பகலில் மருத்துவர்கள் இதைப் பற்றியே உரையாற்றுவார்கள். என் பேச்சு பாதி மறந்துபோனாலும் பரவாயில்லை, அங்கே போய்க் கேட்டுக்கொள்ளுங்கள்.

இந்த இடத்தில் நம்மவர்களுக்குத் தனியாக ஒன்று. கணவாயின் மறுபக்கம் முக்திநாத். திருமங்கையாழ்வார் பாடிய சாளக்கிராமம் என்று வைணவர்கள் கொள்ளும் தலம், 108 திவ்ய தேசங்களில் ஒன்று. தமிழ்நாட்டிலிருந்து ஆண்டுதோறும் யாத்திரைக் குழுக்கள் போகின்றன. கணவாயில் இறங்கிவந்து முழங்கால் நடுங்க நிற்கும்போது, ‘எந்த ஊரு நீங்க, நடந்தா வர்றீங்க’ என்று மடிசார் மாமி ஒருவர் கேட்பது அங்கே சர்வசாதாரணம். நடந்து வந்தவர் பல நாளில் பழகி வந்த உயரத்துக்கு, மாமி எப்படி வந்தார்? பொக்கரா 800 மீட்டர். காலை விமானத்தில் இருபது நிமிடத்தில் ஜோம்சோம், 2,700 மீட்டர். ஜீப்பில் ஏறி மதியத்துக்குள் 3,700-ஐத் தாண்டி முக்திநாத். அங்கே கோயிலைச் சுற்றி 108 தாரைகள். பனி உருகிய நீர். எழுபது வயதில் அத்தனையிலும் தலை நனைத்துவிட்டுத்தான் பெருமாளைப் பார்க்க வேண்டும் என்ற வைராக்கியம். இதய நோயும் ரத்த அழுத்தமும் உள்ளவர்களுக்கு இது விளையாட்டல்ல. உங்கள் வீட்டுப் பெரியவர்கள் போகிறார்கள் என்றால் ஜோம்சோமிலோ வழியிலுள்ள காக்பேனியிலோ ஓரிரவு தங்கவைக்கும் குழுவாகப் பார்த்து அனுப்புங்கள். தரிசனம் முடிந்ததும் அன்றே இறங்கிவிடட்டும்.

அந்தக் கோயிலில் இன்னொரு சங்கதி. நாம் விஷ்ணு தலம் என்கிறோம். திபெத்தியப் பௌத்தர்களுக்கும் அது புனிதத் தலம். பௌத்தப் பிக்குணிகள் அங்கே பணி செய்கிறார்கள். பக்கத்திலேயே பாறைக்குள்ளிருந்து கசியும் எரிவாயுவில் ஒரு சிறு சுடர் நின்று எரிகிறது. சண்டை ஏதும் இல்லாமல் இரண்டு சமயமும் ஒரே வாசலில் புழங்குகின்றன. கீழே காளி கண்டகியின் மணலில் கிடைக்கும் கறுப்புக் கல்தான் நம் பூஜையறைச் சாளக்கிராமம். உடைந்த கல்லில் தெரியும் சக்கரம் அம்மோனைட் என்ற கடலுயிரியின் ஓடு. ஜுராசிக் காலத்தில் அங்கே டெதிஸ் என்ற கடல் இருந்தது. இந்தியத் தட்டு வடக்கே போய் மோதிக் கடலின் அடித்தளத்தை மேலே தூக்கியது. அந்த மலைகள் எழுவதற்கு முன்பே காளி கண்டகி ஓடிக்கொண்டிருந்தது. மலை உயர உயர ஆறு அறுத்துக்கொண்டே வந்தது. அதனால்தான் 8,167 மீட்டர் தவளகிரிக்கும் 8,091 மீட்டர் அன்னபூர்ணாவுக்கும் நடுவே அவ்வளவு ஆழத்தில் ஓர் ஆறு ஓட முடிகிறது. அந்தப் பள்ளத்தாக்கில் முற்பகல் தாண்டியதும் தெற்கிலிருந்து காற்று கிளம்பும். எதிர்க்காற்றில் நடக்க முடியாது, கண்ணில் மணல் அறையும். ஜோம்சோம் விமானங்கள் காலையிலேயே பறந்து முடித்துவிடுவது இதனால்.

காற்று என்றதும் 2014 ஞாபகத்துக்கு வருகிறது. அக்டோபர் என்றால் நேபாளத்தில் மழை ஓய்ந்து வானம் துடைத்துவிட்டாற்போல இருக்கும் மாதம். நடப்பவர்கள் எல்லோரும் தேர்ந்தெடுக்கும் மாதம். அந்த ஆண்டு அக்டோபர் 12-ஆம் தேதி ஹுட்ஹுட் புயல் விசாகப்பட்டினத்தில் கரையேறியது. நாம் தொலைக்காட்சியில் பார்த்தோம், கரை கடந்ததும் மறந்தோம். புயலின் ஈரம் வடக்கே போய்க்கொண்டே இருந்தது. 14-ஆம் தேதி அது தோரோங் லாவில் பனியாகக் கொட்டியது. அன்று காலை கணவாயில் நிறையப் பேர் ஏறிக்கொண்டிருந்தார்கள். உச்சியில் தேநீர் விற்கும் ஒரு சிறு கற்குடிசை. அதில் ஒண்டியவர்கள் உண்டு, அதைவிட்டு இறங்கப் பார்த்து வெண்மையில் வழி தவறியவர்கள் உண்டு. அன்னபூர்ணா, தவளகிரிப் பகுதிகளில் 40 பேருக்கு மேல் இறந்தார்கள். பயணிகள், வழிகாட்டிகள், சுமையாள்கள், யாக் மேய்ப்பவர்கள். புயல் வருவது கடலோரத்தில் எல்லோருக்கும் தெரிந்திருந்தது. மலையில் நடந்துகொண்டிருந்தவர்களுக்குப் போய்ச் சேரவில்லை. வங்காள விரிகுடாவில் புயல் சின்னம் என்று கேட்டால் நாம் சென்னையைத்தான் நினைக்கிறோம். அக்டோபரில் நேபாளம் போகிறவர் மூன்று நாள் தள்ளித் தோரோங் லாவையும் நினைக்க வேண்டும்.

இனி, நண்பர்கள் என்னோடு சண்டை போடும் விஷயம். ரோடு.

2000-களின் பிற்பகுதியில் தெற்கிலிருந்து ஜோம்சோம்வரை மண்சாலை போட்டார்கள். பிறகு கிழக்குப் பக்கத்திலும் பெசிசஹரிலிருந்து மனாங் வரை ஜீப் போகும்படி பாறையைக் குடைந்தார்கள். உலகின் சிறந்த நடைபாதையைக் கொன்றுவிட்டார்கள் என்று பயண எழுத்தாளர்கள் ஒப்பாரி வைத்தார்கள். அவர்கள் சொல்வதில் உண்மை இல்லாமல் இல்லை. ஜீப் எழுப்பும் புழுதியை மூக்கில் வாங்கிக்கொண்டு நடப்பது சுகமில்லை. வழியில் மதியச் சோற்றுக்கு நின்ற சிற்றூர்களை ஜீப் தாண்டிப் போய்விடுகிறது. அங்கே விடுதி நடத்தியவர்கள் கடையைக் கட்டினார்கள். ஆனால் பிரசவ வலி எடுத்த பெண்ணைக் கூடையில் வைத்துச் சுமந்த ஊருக்கு ஜீப் வந்ததைப் பார்த்து, மூன்று வார விருந்தாளி கண்ணீர் விடுவது எனக்குக் கூச்சமாக இருக்கிறது. மார்ப்பாவின் ஆப்பிள் அழுகாமல் பொக்கரா சந்தைக்குப் போகிறது. உப்பு போன வழியில் லாரி போகிறது. அது எப்போதுமே வியாபாரிகளின் பாதைதான்.

நடப்பவர்களுக்கு வழி இல்லாமலும் போகவில்லை. ரோடு ஆற்றின் ஒரு கரையில் என்றால் மறுகரையில் பழைய ஒற்றையடிப் பாதை இருக்கிறது. பாறைகளில் சிவப்பு வெள்ளைக் கோடு முக்கிய வழி. நீல வெள்ளைக் கோடு ரோட்டைத் தவிர்க்கும் மாற்று வழி. மேல் பிசாங் என்ற ஊர் வழியாகப் போகும் உயரப் பாதையைத் தவறவிடாதீர்கள். அன்னபூர்ணாவின் வரிசை முழுவதும் எதிரே நிற்கும், உயரத்துக்கு உடம்பும் பழகும். 1986-இல் தொடங்கிய அன்னபூர்ணா பாதுகாப்புத் திட்டம் நுழைவுக் கட்டணத்தை அந்தப் பகுதியிலேயே செலவழிக்கிறது. விறகுக்குக் காடு அழிவதைப் பார்த்து மண்ணெண்ணெய்க்கு மாற்றியது, பிளாஸ்டிக் பாட்டில் குவிவதைப் பார்த்துக் குடிநீர் நிலையங்கள் வைத்தது எல்லாம் அவர்கள் வேலை. அதற்கு அடித்தளம் போட்டவர்களான சந்திர குருங்கும் மிங்மா நோர்பு ஷெர்ப்பாவும் 2006-இல் கஞ்சன்ஜங்கா பக்கத்தில் ஒரே ஹெலிகாப்டர் விபத்தில் இறந்தார்கள். கட்டணச் சீட்டு வாங்கும்போது முனகாதீர்கள். சார்க் நாட்டவர் என்பதால் நமக்குச் சலுகையும் உண்டு, விசாவும் வேண்டாம்.

கூட்டம் தொடங்கும் முன்பே ஒரு சீட்டு வந்தது: ‘நான் பெண். வழிகாட்டி இல்லாமல் தனியாகப் போகலாமா?’

2023 ஏப்ரல் 1 முதல் வெளிநாட்டவர் வழிகாட்டியோடுதான் நடக்க வேண்டும் என்று நேபாளச் சுற்றுலா வாரியம் அறிவித்தது. நடைமுறை இடத்துக்கு இடம் மாறுகிறது, போகும்போது விசாரித்துக்கொள்ளுங்கள். விதி இல்லாவிட்டாலும் ஒருவரை அமர்த்திக்கொள்ளுங்கள் என்றே சொல்வேன், பெண் என்பதற்காக அல்ல. அங்கே யார் வீட்டுத் திண்ணையில் என்ன சேதி ஓடுகிறது, நாளை வானம் எப்படி என்று உங்களுக்குத் தெரியாது, அவருக்குத் தெரியும். பெண் வழிகாட்டிதான் வேண்டுமென்றால் அதுவும் கிடைக்கும். பொக்கராவில் மூன்று சகோதரிகள் 1990-களிலேயே பெண்களுக்கு இந்தத் தொழில் கற்றுக்கொடுக்கத் தொடங்கி, இன்று நிறையப் பேர் இருக்கிறார்கள். ஆளையோ நிறுவனத்தையோ அமர்த்தும் முன் மூன்று கேள்வி கேளுங்கள். உங்களுக்கும் சுமையாளுக்கும் காப்பீடு இருக்கிறதா? கணவாய்க்கு முந்தைய இரவு சுமையாள் எங்கே படுப்பார்? அவர் என்ன காலணி போட்டிருப்பார்? இவற்றைக் கேட்டதும் முகம் மாறுகிறவரிடம் பணம் கட்டாமல் அடுத்த கடைக்குப் போங்கள். பொக்கராவில் ஏரிக்கரை நெடுக அந்தக் கடைகள்தான்.